பரமசிவத்தின் மூன்று கொப்பிகள்

போன மாதம், பிசியோதெரபி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வரச்சொல்லிக் கூப்பிட்டீர்கள். வந்து ஒரு மணித்தியாலம் தொண்டை வற்றப் பேசினேன். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் முன்வரிசையில் இருந்த பிள்ளை எழும்பி, "மிஸ், நாள்பட்ட தோள் வலிக்கு எந்த மெஷின் நல்லம்?" என்று கேட்டது. அதுவரை நான் எதைப் பற்றிப் பேசினேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "மெஷின் விற்கிறவனிடம் போய்க் கேள்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் நாவலப்பிட்டி பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் பேராதனையைத் தாண்டும்போதே மனது உறுத்தத் தொடங்கியது. பிள்ளை கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் வாயில்தான். முப்பத்திரண்டு வருஷம் கண்டியில் பிசியோதெரபி அறையில் நின்று நோயாளிகளை நடத்திய வாய் அது, பென்ஷன் எடுத்த பிறகும் திருந்தவில்லை. பேசினால் கோபம் முந்திவிடும் என்பதால் எழுதுகிறேன். கை நோவதால் அரைப் பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தித்தான் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு முதலில் ஒழுங்கான பதில். தோளைச் சுற்றியுள்ள தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள் வருஷக்கணக்கான வேலையில் தேய்ந்து, தடித்து, நொந்துபோகின்றன. அதைப் பழையபடி ஆக்கித் தரும் மெஷின் கிடையாது. சூடு காட்டினால் பத்து நிமிஷம் சுகமாக இருக்கும். அதிர்வு மெஷின், நாணில் சுண்ணாம்பு படிந்த சிலருக்கு உதவும், வருகிற எல்லாருக்கும் அல்ல. ஸ்டெரொயிட் ஊசி போட்டால் சில கிழமைகளுக்கு வலி அடங்கும். வலியில் அசையவே முடியாதவரைப் பயிற்சிக்குக் கொண்டுவர அந்த இடைவெளி பயன்படும், ஆனால் அடுத்தடுத்துப் போட்டால் நாண் பலம் குறைந்துபோகும். மிச்சம் இருப்பது அளவாகப் பாரம் கொடுத்து, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, மூன்று மாதம் விடாமல் செய்கிற பயிற்சி. செய்யும்போது கொஞ்சம் நோகலாம், அடுத்த நாள் காலையில் கூடுதலாக நோகக்கூடாது. அதோடு, தோளைக் கெடுக்கிற வேலை எதுவோ அதைச் செய்யும் விதத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொன்னால் நோயாளியின் முகம் விழுந்துவிடும். "இதுக்கா காலையில அஞ்சு மணி பஸ் புடிச்சு வந்தேன்" என்பது போலப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் பரமசிவம். கடுகண்ணாவையில் ஒற்றைக் கதிரை சலூன் வைத்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. உச்சந்தலை முடியை வெட்டக் கையைத் தூக்கினால் மேல்கையில் கத்தியால் குத்துவது போல வலி. வலது பக்கம் சரிந்து படுக்க முடியாது. ஸ்கேனில் நாண் தடித்துத் தேய்ந்திருந்தது, அறுந்திருக்கவில்லை. எலும்பு நிபுணர் வெட்டத் தேவையில்லை, பிசியோதெரபி போதும் என்று எழுதி அனுப்பியிருந்தார்.

இவர் வந்த அன்று காலையில் எனக்கு ஏற்கெனவே தலை கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் மடவளையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்திருந்தார். அவருக்கும் தோள்தான். ஆறு கிழமைகளாக ஒரு பயிற்சியும் செய்யாமல், வெளியே இரண்டு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, "இன்னும் குறையல்ல மிஸ், நீங்க சரியாப் பாக்கல்ல போல" என்றார். அறையே கேட்க அவரைப் பிடித்து ஏசினேன். "ஊசிக்கு ஓடுறவங்க இந்தப் பக்கம் வரத் தேவையில்லை. என் நேரத்தையும் பாழாக்க வேணாம்" என்று சொல்லி, அவருடைய நோய் விவரம் எழுதிய கிளினிக் கொப்பியை மேசையில் போட்டு வெளியே அனுப்பினேன். அந்த மனிதர் கொப்பியை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது, மறைப்பானேன்.

அடுத்து வந்த பரமசிவம் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். சுவரில் கையை அழுத்திப் பிடிக்கும் பயிற்சியைக் காட்டினேன். ரப்பர் பட்டியை எப்படி இழுப்பது என்று காட்டினேன். எல்லாம் முடிந்ததும் மெல்லக் கேட்டார்.

"கரண்டு மெஷின் புடிக்க மாட்டீங்களா மிஸ்?"

"கரண்டு வீட்டுல இல்லையா? அங்க போய்ப் புடிங்க."

அவர் சிரிக்கவில்லை. பயந்துவிட்டார் என்பதை இப்போது நினைத்தால் விளங்குகிறது. அப்போது நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நம்முடைய ஊரில் நோயாளியின் வரலாறு நோயாளியின் கையில்தான் இருக்கிறது. கடையில் ஒரு கொப்பி வாங்கி, பிரவுண் பேப்பரில் உறை போட்டு, பெயர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். டொக்டர் அதில் எழுதுகிறார், நாம் எழுதுகிறோம், மருந்து கொடுப்பவர் எழுதுகிறார். அந்தக் கொப்பியில் இருப்பதுதான் நமக்குத் தெரிந்த உண்மை. அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பரமசிவத்தின் கொப்பி படு சுத்தமாக இருக்கும். அட்டையில் முருகன் படம், உள்ளே என் கையெழுத்தும் நிபுணரின் கையெழுத்தும் மட்டும்.

முதல் மூன்று கிழமைகளில் பெரிய மாற்றம் இல்லை. அது வழமைதான். நான்காவது கிழமை கொஞ்சம் தூக்கினார். ஐந்தாவது கிழமை வந்தபோது, வாசலிலேயே கையை மேலே தூக்கிக் காட்டி, "பாருங்க மிஸ்!" என்றார். கை காதோரம் வரை போனது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பழக வந்திருந்த நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பரமசிவத்தை நடுவில் நிறுத்தி, "பாருங்க, ஊசி இல்லை, மெஷின் இல்லை, ஒழுங்காப் பயிற்சி செஞ்சா இதுதான் பலன்" என்று பிரசங்கம் செய்தேன். பரமசிவம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூச்சம் என்று நினைத்தேன். அதே வேகத்தில் பாரத்தையும் கூட்டினேன். அதுவரை அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டிருந்தவரை ஒன்றரை லீட்டருக்கு ஏற்றினேன். தோளுக்கு மேலே தூக்கும் பயிற்சிகளையும் சேர்த்தேன். நாலு கிழமையில் ஏற்ற வேண்டியதை ஒரே நாளில் ஏற்றினேன். ஐந்தாவது கிழமையில் ஒருவர் அப்படிச் சுகப்படுவது அபூர்வம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் என்று கேட்க வேண்டும் என்று தோன்றியதா? இல்லை. நல்ல செய்தியைக் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்குத்தான் மனது வரும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவர் மனைவி லெட்சுமியோடு வந்தார். அன்று அவர் வர வேண்டிய தவணை நாள் அல்ல. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து கடையைச் சாத்துறப்போ ஷட்டரை எட்டி இழுத்தேன் மிஸ். தோளுக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம். அதோட கை விழுந்துருச்சு."

கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து, "இப்படியே வெச்சிருங்க" என்று சொல்லி விட்டேன். கை அப்படியே கீழே விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. அறுந்த நாணின் அடையாளம் அது. ஒன்றரை லீட்டர் போத்தல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொப்பியைக் குடுங்க" என்றேன். உடனே நிபுணரிடம் அனுப்ப எழுத வேண்டும்.

பரமசிவம் சட்டைக்குள்ளிருந்து முருகன் படக் கொப்பியை எடுத்தார். லெட்சுமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கைப்பையைத் திறந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குள் இன்னும் இரண்டு கொப்பிகள்.

"குடுக்காதடி" என்றார் பரமசிவம்.

"சும்மா இருங்க. கையே போச்சு, இனி என்ன ஒளிக்கிறது?"

ஒரு கொப்பி கண்டி டவுனில் ஒரு தனியார் கிளினிக்கினுடையது. மற்றது லெட்சுமியின் அண்ணன் கூட்டிப்போன நாவலப்பிட்டி டொக்டருடையது. இரண்டிலும் ஒவ்வொரு ஊசி. இரண்டு ஊசிக்கும் நடுவில் ஐந்தே கிழமை. இரண்டாவது ஊசி, அவர் என் முன்னால் கையைத் தூக்கிக் காட்டியதற்கு நாலு நாள் முந்தியது. அந்த டொக்டர்மாரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, நான் இருப்பது இருவருக்குமே தெரியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கொப்பியை மட்டும் நீட்டியிருக்கிறார். ஊசியால் வலி அடங்கி, பலம் குறைந்திருந்த நாணின் மேல்தான் நான் ஒன்றரை லீட்டரை ஏற்றியிருக்கிறேன். தெரிந்திருந்தால் இரண்டு கிழமை பாரத்தையே தொட்டிருக்க மாட்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "உங்களுக்கு மூளை இருக்கா? ரெண்டு டொக்டரும் நானும் என்ன முட்டாளுங்களா? இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்று, கை தொங்கிக்கொண்டிருந்த மனிதரை, இருபது நோயாளிகள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். பரமசிவம் அன்று அந்த மடவளைக் கடைக்காரர் குனிந்தது போலவே தலையைக் குனிந்தார்.

லெட்சுமி குரலை உயர்த்தவே இல்லை.

"இதுக்காகத்தான் மிஸ் அவர் சொல்லல. மொத நாள் நீங்க அந்தத் துணிக்கட நானாவ ஏசி வெளிய அனுப்புனப்ப, இவர் பெஞ்சுலதான் உக்காந்திருந்தார். வீட்டுக்கு வந்து, 'நான் போன வாரம் போட்ட ஊசிய அந்த மிஸ்கிட்ட சொன்னா என்னையும் தொரத்திருவாங்க'ன்னாரு. அதான் அந்தக் கொப்பிய ஒளிச்சாரு, அடுத்த ஊசிக்கும் வேற கொப்பி வாங்குனாரு."

முதல் ஊசியை என்னிடம் வருவதற்கு முன்பே போட்டிருக்கிறார். இரண்டாவது, நான் கேட்டிருந்தால், ஒருவேளை போட்டிருக்கவே மாட்டார். எனக்குக் கோபம் போகவில்லை. போவதற்கு இடம் தெரியாமல் நெஞ்சுக்குள் நின்றது. யாரைக் கோபிப்பது என்று மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

அன்றே ஸ்கேன் எடுக்க வைத்து நிபுணரிடம் நானே கூட்டிப் போனேன். நாண் பாதி அறுந்திருந்தது, மீதிப் பாதி பிடித்துக்கொண்டிருந்தது. நிபுணர் நிதானமான மனிதர். சிங்களத்தில் கேட்டார், "பயிற்சி செய்துகொண்டிருந்தவருக்கு எப்படி அறுந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பரமசிவம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஷட்டரை இழுத்தேன், என் பிழைதான், மிஸ் நல்லாத்தான் பார்த்தாங்க என்று சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றுகிறாராம். அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது எவ்வளவு லேசு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நோயாளியே சொல்லிவிட்டார், கொப்பியிலும் எழுதியாகிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை. மூன்று கொப்பிகளையும் நிபுணரின் மேசையில் வைத்தேன். பிறகு ஊசி போட்டிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே பாரத்தை மும்மடங்காகக் கூட்டினேன் என்று சொன்னேன். ஷட்டர் அறுத்ததா, என் போத்தல் அறுத்ததா என்பது இன்றுவரை தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும்.

நிபுணர் என்னை ஏசவில்லை. அது ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது. ஒப்பரேஷன் செய்து தைக்கலாம் என்றார். தைத்தால் ஆறு கிழமை கை தூக்குப்பட்டியில் இருக்கும், திரும்பக் கத்தரிக்கோல் பிடிக்க ஐந்தாறு மாதமாகும். பரமசிவத்தின் கண் கலங்கிவிட்டது. சலூன் வாடகைக் கடை. பூட்டிக் கிடந்தால் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகப் பக்கத்துப் போன் கடைக்காரர் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். கடுகண்ணாவையில் இன்னொரு இடம் பிடித்து, இந்த வயதில் புதிதாக ஆள் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. கை மட்டும் அல்ல, அந்தக் கதிரையும் போய்விடும்.

நிபுணர் என்னிடம் திரும்பினார். "பாதி நாண் இருக்கிறது. ஒப்பரேஷன் இல்லாமல் உங்களால் கொண்டுவர முடியுமா? மூன்று மாதம் தருகிறேன். அதற்குள் கை பலத்தோடு தோள் உயரத்துக்கு வராவிட்டால் ஒப்பரேஷன் செய்கிறேன்."

என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாத நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது. முடியும் என்று சொல்லிச் சரிவராவிட்டால், இந்த மனிதருக்கு மூன்று மாதமும் போய், பிறகு ஒப்பரேஷனும் வரும். முடியாது என்றால், என் பயத்துக்காக அவருடைய கடை போகும். பிராயச்சித்தம் செய்கிற ஆசையில் முடியும் என்று சொல்கிறேனோ என்றும் ஒரு சந்தேகம். ஆகவே பதில் சொல்வதற்கு ஒரு நாள் கேட்டேன். அடுத்த நாள் கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். ஏற்றத்தில் ஒரு கொள்கலன் லொறிக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஊர்ந்து, வாய்க்குள் எல்லாரையும் வைதுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள். சலூனில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நோயாளி எங்கே என்று பார்த்தால், ஐயா இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிவிட்டது.

நான் ஏசவில்லை. சத்தியமாக ஏசவில்லை. காரணம், நான் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சலூன் கதிரை மிக உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருந்தவரின் தலை பரமசிவத்தின் கண் மட்டத்தில்.

"இதக் கொஞ்சம் இறக்குங்க."

"இறங்காது மிஸ். பம்ப்பு கெட்டுப்போச்சு."

"எப்பருந்து?"

"ஒரு ஏழு வருஷம் இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஏழு வருஷமாக இந்த மனிதர் ஒரு நாளைக்கு இருபது தலைக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார். வெளியே இரண்டு ஊசி, மூன்று டொக்டர், இரண்டு ஸ்கேன், ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒருவர்கூட "வேலை செய்யும்போது எப்படி நிற்பீங்க?" என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் கதிரை கெட்டது கையோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

புது பம்ப் அந்தக் கதிரைக்கு இப்போது கிடைக்காது என்றார். மூலையில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது கதிரையின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்டு உட்கார வைப்பார்களே, அந்தப் பலகை. அதை எடுத்து நிலத்தில் நாலு செங்கலின் மேல் வைத்து, "இதுல ஏறி நில்லுங்க" என்றேன்.

"மிஸ், ஆளுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஏறுங்க."

ஏறினார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "பரமசிவண்ணே, மேடையில ஏறிட்டீங்க, என்ன பேசப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய முழங்கை முதல் தடவையாகத் தோளுக்குக் கீழே இறங்கியது. கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை வெறும் காற்றில் வெட்டிப் பார்த்தார். "நோவல மிஸ்" என்று சொன்னவர், உடனே பயந்து, "ஊசி ஒண்ணும் போடலைங்க, சத்தியமா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, அன்று ஐந்து தலைக்கு மேல் வெட்டக்கூடாது என்று அதட்டிவிட்டு, பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். நிபுணருக்கு முயன்று பார்க்கலாம் என்று சொன்னேன்.

அந்த மூன்று மாதத்தை விவரிக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்த பயிற்சிகள்தான், முன்பை விடப் பாதி வேகத்தில். மூன்று கொப்பிகளையும் ஒன்றாக வைத்து, கட்டுத்துணியால் நெடுக்காகவும் குறுக்காகவும் கட்டி, "எந்த டொக்டர்கிட்ட போனாலும் இந்தக் கட்டோட போங்க" என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும், பயிற்சி செய்தீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "வேற எங்க காட்டினீங்க? என்ன செஞ்சாங்க?" என்று கேட்பேன். முதல் மூன்று தடவை "எங்கயும் இல்ல மிஸ்" என்றார். நாலாவது தடவை, கொஞ்சம் இழுத்து, "மாவனெல்லையில ஒரு வெதமாத்தயாகிட்ட எண்ணெய் போட்டேன்" என்றார். வெதமாத்தயா என்றால் நாட்டு வைத்தியர். என் கை மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்ததை அவர் பார்த்திருப்பார். "நல்லது. சூடா இருந்துச்சா? சரி, எழுதிக்கிறேன்" என்று கொப்பியில் எழுதினேன். அந்த வார்த்தைகளை அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதற்கு, முப்பத்திரண்டு வருஷ வேலையில் எதற்கும் படாத பாடு பட்டேன்.

மூன்று மாத முடிவில் கையைப் பக்கவாட்டில் தூக்கி விட்டேன். நின்றது. நடுங்கியபடி, ஆனால் நின்றது. நிபுணர் தன் விரலால் அழுத்திப் பார்த்தார், அதற்கும் விழவில்லை. ஒப்பரேஷன் தேவையில்லை என்று எழுதினார். முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கை இன்றும் காதோரம் வரை போவதில்லை. ஷட்டரை லெட்சுமிதான் ஒரு கொக்கி போட்டு இழுக்கிறார். ஆனால் சலூன் திறந்திருக்கிறது. கடுகண்ணாவையில் அவருக்கு இப்போது 'மேடைக்காரர்' என்று பெயராம்.

இந்தக் கதையை இத்தோடு முடித்து, நோயாளியை ஏசாதீர்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது முழு உண்மையாக இருக்காது.

போன வருஷத்திலிருந்து எனக்கும் வலது தோளில் அதே நோவு. எல்லாரையும் தூக்கிப் பிடித்த தோள்தானே. பயிற்சி செய்தேன். எல்லாருக்கும் சொன்னதை நானும் செய்தேன், எல்லாரையும் போல மூன்றாவது கிழமையில் விட்டேன். அண்ணன் மகளின் கல்யாணம் வந்தது. சேலை முந்தானையைத் தோளில் போட்டுக் குத்த முடியவில்லை. டவுனில் ஒரு டொக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நோவு திரும்பவும் வந்தது. இந்த முறை ஒழுங்காகப் பார்ப்போம் என்று, போன கிழமை என்னை யாருக்கும் தெரியாத ஒரு வைத்தியசாலைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. புதுக் கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர். உங்கள் தொழில்காரி ஒருத்திதான் பார்த்தாள், என் பேச்சுக்கு வராதவள், இருபத்தைந்து வயது இருக்கும், வேலை சுத்தம், கை பழகிய கை. டிரைவர் பயிற்சி செய்யவில்லை, வெளியே ஊசி போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அப்ப அங்கயே போங்க, இங்க ஏன் வாறீங்க?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. டிரைவர் கொப்பியை எடுத்துக்கொண்டு குனிந்தபடி போனார்.

"அடுத்தது. வாங்கம்மா."

போனேன். கையைத் தூக்கிப் பார்த்தாள். சரியான இடத்தில் அழுத்தினாள். பிறகு, நான் பரமசிவத்திடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை, அந்தப் பிள்ளை ஒழுங்காகக் கேட்டாள்.

"ஊசி ஏதாவது போட்டீங்களாம்மா?"

"இல்லை" என்றேன்.

அன்று என் தோளைப் பார்த்த மகள், இது உன் கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு கொப்பி இருக்கிறது. செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு ஊசி எழுதிய மற்றதையும் கொண்டு வருகிறேன். அதுவரை பாரத்தைக் கூட்டாதே. என்னை ஏசவும் ஏசாதே.